மேடாக்கிய வயலில் பசுமை விடுதி

சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர், ஆத்தங்குடித் தரை, நாட்டு ஓடு, முற்றத்தில் ஒரு துளசி மாடம், சன்னலுக்கு வெளியே நெல்வயல். இவ்வளவும் இருந்தால் ஒரு ரிசார்ட் இயற்கைக்கு இணக்கமானது என்று முடிவு கட்டிவிடுகிறோம். குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் பழகிய மாதிரி இது. பத்துப் பதினைந்து அறைக்கு மேல் கிடையாது, டிவி கிடையாது, பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, காலையில் யோகா, மாலையில் நடை. ஊரை அவசரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓடாமல் நிதானமாகத் தங்க விரும்பும் பயணிக்காக, கட்டடக் கலைஞர் ஒருவர் பார்த்துப் பார்த்து வடிவமைத்த இடம். அந்த மாதிரி இப்போது மலையிலிருந்து இறங்கிக் காவிரி டெல்டாவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதை வரவேற்காதவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது.

வரவேற்பவர்களின் வாதத்தை நியாயமாகவே எடுத்து வைக்கிறேன். விவசாயம் கட்டுப்படியாகவில்லை, பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். நிலம் எப்படியும் கைமாறத்தான் போகிறது. பிளாட் போடுகிறவரிடம் போவதைவிட, மரம் வெட்டாமல் மண்ணும் ஓடும் வைத்துக் கட்டுகிறவரிடம் போவது மேல். ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும், அழிந்துகொண்டிருக்கும் கைத்தொழில் பிழைக்கும், ரசாயன ஆலையோ எண்ணெய்க் கிணறோ வராது. கேட்கக் கேட்கத் தலை ஆடத்தான் செய்கிறது. ஆனாலும் இந்த வாதம் தப்பு. மலைக்கு ஓரளவு பொருந்தக்கூடிய ஒரு யோசனையை, தண்ணீர் வேறு விதமாக நடக்கும் ஓர் ஊருக்குத் தூக்கி வந்து, கட்டடத்தை மட்டும் பார்த்து மார்க் போடுகிறது.

டெல்டாவின் வாட்டத்தைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம் கடற்கரை சுமார் 80 கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. கீழ்க்கோடியில், திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் போனால் அதுவும் கிடையாது. மலையில் பெய்த மழை யாரையும் கேட்காமல் இறங்கிப் போய்விடும். இங்கே தண்ணீரைப் போகச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். ஆயிரம் வருஷமாகத் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையெல்லாம் அந்தக் கெஞ்சல்தான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிற தண்ணீர், குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன் என்று கிளைத்து, வாய்க்காலாகி, கண்ணி வாய்க்காலாகி, மடை வழியே வயலுக்குள் போகிறது. வந்த வழி ஒன்று என்றால் போகிற வழி இன்னொன்று. பாசன வாய்க்காலுக்கு இருக்கும் அதே முக்கியத்துவம் வடிகாலுக்கும் உண்டு. பல இடங்களில் மேல் ஊரின் வடிகாலே கீழ் ஊரின் பாசனம்.

இந்த அமைப்பில் தனி மனை என்று ஒன்று கிடையாது. பட்டாவில் உங்கள் பெயர் இருக்கலாம். தண்ணீருக்கு உங்கள் வயல் ஒரு வழிப்பாதை. பக்கத்து வயலின் வரப்பை வெட்டித்தான் உங்களுக்குத் தண்ணீர் வரும். உங்கள் வயலைத் தாண்டித்தான் அடுத்தவனுக்குப் போகும். அந்த ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார்.

இங்கே ரிசார்ட் கட்ட முதலில் என்ன செய்வார்கள்? மண் அடிப்பார்கள். வயல் மட்டத்தில் யாரும் அறை கட்ட முடியாது. ஐப்பசியில் படுக்கைக்கு அடியில் தவளை கத்தும். ஆகவே லாரி லாரியாகக் கிராவலைக் கொட்டி, சாலை மட்டத்துக்கு அல்லது அதற்கும் மேலே தூக்குவார்கள். அதன் பிறகுதான் சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும். நாலைந்து ஏக்கர் வயல் மூன்றடி உயர்ந்தால், கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் சரிகிற பூமியில் அது ஓர் அணை. அதற்கு மேற்கே இருக்கிற வயல்களில் தண்ணீர் தேங்கும். பால் பிடிக்கும் பயிருக்கு நாலு நாள் தேக்கம் போதும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் தண்ணீருக்குத் தேவை திறந்த வழி. சுவர் மண்ணா சிமெண்டா என்று அது பார்க்காது.

மேடாக்குவது புதிதா, நம் முன்னோரும் ஊரை மேட்டில்தானே கட்டினார்கள் என்று கேட்கலாம். கட்டினார்கள். எப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நத்தம் என்று ஒரே மேட்டை ஒதுக்கி, அதில் வீடுகளை நெருக்கி வைத்தார்கள். டெல்டாவின் அக்கிரகாரத்தையும் வேளாளர் தெருவையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே பொதுச்சுவர். முகப்பு குறுகல், நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று பின்னால் நீண்டுகொண்டே போகும். நஞ்சையில் ஒரு குழியைக்கூட வீட்டுக்குத் தரக் கூடாது என்ற கறார்தான் அந்த வடிவம். (அந்த மேட்டிலும் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. உழைத்தவர்களின் குடியிருப்பு தாழ்ந்த ஓரத்தில், முதலில் தண்ணீர் ஏறும் இடத்தில் இருந்தது. அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.) இன்றைய ரிசார்ட் செய்வது நேர் எதிர். ஐந்து ஏக்கரில் பதினைந்து குடில்களைத் தள்ளித் தள்ளி வைக்கிறது; ஒவ்வொன்றுக்கும் தனிப் பார்வை, தனித் தோட்டம். முற்றமும் தூணும் டெல்டா வீட்டிலிருந்து வந்திருக்கலாம், இடச் சிக்கனம் வரவில்லை. வட்டார மரபு என்று இதைச் சொல்லக் கூச வேண்டும். தூண்களில் பாதி செட்டிநாட்டு வீடுகளை இடித்த இடத்திலிருந்து வாங்கியவை, அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதை நான் பெரிதாக்கப் போவதில்லை.

அடுத்து வரும் எதிர்வாதம் வலுவானது: ரிசார்ட் குடிக்கும் தண்ணீர் நெல் குடிக்கும் தண்ணீரைவிடக் குறைவு. உண்மைதான். இருபது அறை, நாற்பது பேர், ஆளுக்கு 500 லிட்டர் என்று தாராளமாகவே போடுவோம். வருஷம் முழுக்க ஓர் அறைகூடக் காலியில்லை என்று வைத்தாலும் 73 லட்சம் லிட்டர்தான். ஐந்து ஏக்கர் சம்பாவுக்கு, 1,200 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்று கணக்கிட்டால், 240 லட்சம் லிட்டருக்கு மேல் போகும். நீச்சல் குளத்தைத் திட்டுவதும் வீண். நடுத்தரக் குளம் ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும், அவ்வளவுதான். நெல்லைத் தண்ணீர் விழுங்கி என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் வெற்றிப் புன்னகையோடு எழுந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் கொஞ்சம் உட்கார வேண்டும். வயலில் நிற்கும் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பங்கு பயிர் வழியாகவும் வெயிலிலும் ஆவியாகிறது. மீதி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது, அல்லது வடிந்து அடுத்த வயலுக்குப் போகிறது. சம்பாவின் தேவையில் பெரும் பங்கை வடகிழக்குப் பருவமழையே தருகிறது. கடலோரத்தில், வேதாரண்யம் பக்கம், வயலில் நன்னீர் நிற்பதால்தான் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் மேலே வராமல் இருக்கிறது. ரிசார்ட்டின் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் அல்ல, போர் தண்ணீர். ஆறு வறண்டு மணலாகக் கிடக்கும் சித்திரை, வைகாசியிலும் அது ஓடும். ஊறுகிற பரப்பை மேடாக்கி மூடிவிட்டு, அதே இடத்தில் உறிஞ்சத் தொடங்கும்போது, லிட்டர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்று யாருக்குச் சமாதானம்?

இதில் இன்னொரு சுவையான விஷயம் உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 192 டிஎம்சி விட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைத்த 14.75 டிஎம்சிக்கு என்ன காரணம் சொன்னார்கள்? டெல்டாவில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10 டிஎம்சியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே என்பது பிரதான காரணம், மிச்சம் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. ஆக, டெல்டாவின் மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் ஏற்கெனவே நம் பங்கில் கழிக்கப்பட்டுவிட்டது. அந்தத் தண்ணீருக்கு நாம் ஆற்றுநீரில் விலை கொடுத்தாகிவிட்டது. அதன் மேல் போர் போட்டு மழைக்குளியல் குழாய் வைத்துவிட்டு, வெந்நீரைச் சூரிய சக்தியில் காய்ச்சுகிறோம் என்று எழுதிப்போடுவது எப்படிப் பசுமையாகும்? பெங்களூருவிலிருந்து வருகிற பயணி வீட்டிலும் காவிரி குடிக்கிறார். சென்னையிலிருந்து வருகிறவரும் அப்படியே. 2004 முதல் வீராணம் தண்ணீர் அவர் குழாயில் வருகிறது. வார இறுதியில் ஆற்றின் கடைசி மடைக்கே வந்து மீதியையும் குடிக்க வேண்டுமா என்பது என் கேள்வி. 2024-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-இல்தான் திறந்தது. குறுவைக்கு அதற்குள் காலம் தப்பிவிட்டது. அந்த ஜூன் மாதம் போர் இருந்தவன் நட்டான், இல்லாதவன் வானம் பார்த்தான்.

செங்கல்லைப் பற்றி இரண்டே வரி. பூசாத செங்கல் சுவர் இப்போது பசுமைக் கட்டடத்தின் அடையாளமாகிவிட்டது. டெல்டாவில் செங்கல் எதிலிருந்து வருகிறது? வண்டலிலிருந்து. காவிரி நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட மேல்மண்ணைச் சூளைக்கு விற்றுவிட்டு, அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு மண்ணின் வாசனையை ரசிக்கலாம். சாந்துக்கு மணல் கொள்ளிடத்திலிருந்து.

சரி, டெல்டாவை விடுங்கள், மலையிலாவது இந்த மாதிரி ஒழுங்காக நடந்ததா? டெல்டாக்காரனுக்கு மலையைப் பற்றி என்ன என்று கேட்க முடியாது. மலை எங்கள் தலைமடை. மாயாறு நீலகிரியில் இறங்கி பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, மேட்டூருக்குக் கீழே காவிரியில் கலக்கிறது. அந்த மாயாற்றுப் படுகையை ஒட்டிய சீகூர் பீடபூமியில், யானைகள் போய்வரும் வழியில், ரிசார்ட்டுகள் வரிசையாக முளைத்தன. அவற்றில் பலவும் காட்டை நேசிப்பவர்களுக்கானவை என்று தங்களைச் சொல்லிக்கொண்டவை. மூங்கில், ஓலை, மரப்பலகை எல்லாம் உண்டு. 2010-இல் அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது, அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் ஏற்றது, மேல்முறையீடு போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மாவட்ட நிர்வாகம் 27 ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தது. 2020 அக்டோபரில் வழித்தடம் உறுதியானது. கூரை ஓலையா கான்கிரீட்டா என்று யானை பார்த்ததாக அந்த வழக்கில் எங்கும் இல்லை. கேள்வி முழுக்க எங்கே கட்டினாய் என்பதாகவே இருந்தது. காவிரி பிறக்கும் குடகில் 2018 ஆகஸ்டில் மலைச்சரிவுகள், 2020 ஆகஸ்டில் தலைக்காவேரியிலேயே சரிவு. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்துவது பற்றி அங்கே இன்றும் சண்டை ஓயவில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. நிதானமான பயணம் அவ்வளவு நிதானமாக நடந்திருக்கிறது.

எதிரணியின் சிறந்த சாட்சியை அவர்களே அழைப்பதற்கு முன் நான் அழைத்துவிடுகிறேன். இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கண்டலம ஏரிக் கரையில், பாறைச் சரிவை ஒட்டி, ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல். 1994-இல் திறந்தது. உலகில் பசுமைக் கட்டடச் சான்று பெற்ற ஆரம்ப ஹோட்டல்களில் ஒன்று. நெல்லுக்குப் பாயும் பழங்காலத்து ஏரியின் கரையில் கட்டிய, அழகிலும் பொறுப்பிலும் குறை சொல்ல முடியாத கட்டடம். இன்று செடிகொடி மூடி, தூரத்திலிருந்து பார்த்தால் பாறை எது, ஹோட்டல் எது என்று தெரியாது. அதற்கு எதிராக இருக்கிறதா ஒரு வார்த்தை?

இல்லை, ஆனால் அதை முழுதாகப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டடம் எழும் முன்பே ஏரி கெட்டுவிடும் என்று விவசாயிகளும் பிக்குகளும் பெரிய அளவில் எதிர்த்தார்கள். கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்வி பொதுவில் கேட்கப்பட்டது. பாவா கட்டடத்தைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தினார். பாறையிலிருந்து இறங்கும் மழைநீர் அடியில் ஓடி ஏரிக்குப் போகிறது. அவருடைய மேதைமையில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். தண்ணீருக்கு வழி விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் மனிதரைத் தங்கவைத்தார். அவரைப் பின்பற்றுவதாகச் சொல்கிற நம் ஊர் விடுதிகளில் நீண்ட வராந்தாவைக் காண்கிறோம், சாய்வு நாற்காலியைக் காண்கிறோம். தூண் மேல் நிற்கும் விடுதியை, மண் அடிக்காமல் விட்ட வயலை, வடிகாலை வரைந்து காட்டிய ஒரு விளம்பர ஏட்டை எனக்கு யாராவது காட்டினால் இந்தக் கட்டுரையில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மற்றப் பாதிக்குக் காரணம் பாறையும் வயலும் ஒன்றல்ல என்பது. பாறையில் எதுவும் விளையவில்லை.

இங்கே அந்த மாதிரிக் கேள்வி கேட்க மேடையே இல்லை. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். நெடுவாசலும் கதிராமங்கலமும் எண்ணெய் எரிவாயு எடுப்பை எதிர்த்து 2017-இல் போராடின. அந்தச் சட்டம் அவர்கள் ஈட்டியது. அதில் தடை செய்த தொழில்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: துத்தநாக உருக்காலை, தாமிர உருக்காலை, இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயு எடுப்பு. வேண்டிய தடைதான். புகை விடுவதெல்லாம் பட்டியலில் இருக்கிறது, புகை விடாமல் வயலைத் தின்பது எதுவும் இல்லை. வீட்டுமனையும் இல்லை, ரிசார்ட்டும் இல்லை. நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கலெக்டரின் ஒப்புதல் வேண்டும் என்று விதி உண்டு. விதி இருந்தும் தஞ்சாவூர் புறவழிச் சாலையில் போனால் மாறிய நஞ்சையை எண்ணி மாளாது. கேரளம் 2008-லேயே நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்கத் தனிச்சட்டம் போட்டது. அதைக் குறைத்தும் வளைத்தும் இருக்கிறார்கள், ஆனாலும் வயலைக் காப்பது பொதுநலன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட சட்டம் அது. அங்கேதான் வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்துத் தீவின் கேப்பிகோ ரிசார்ட்டை, 54 வில்லாக்களோடு, உச்ச நீதிமன்றம் 2020-இல் இடிக்கச் சொன்னது. 2022-இல் இடிக்கத் தொடங்கினார்கள். படகு வீட்டு மாநிலமே ஒரு சொகுசு விடுதியை இடித்துப் பார்த்திருக்கிறது.

நமக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. தொண்ணூறுகளில் நாகை கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தபோது சொன்னதும் வேலை, அந்நியச் செலாவணி, தரிசுக்கு உயிர் என்பதுதான். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றத் தீர்ப்பு வந்தது. உப்பேறிய கிணறுகளைத் தீர்ப்பு சரிசெய்யவில்லை.

இனி, மேலே விட்டுவைத்த கணக்கு. ரிசார்ட் விற்பது அறையை அல்ல, அமைதியை. வயலோரத்து அமைதி. அந்த அமைதி எங்கிருந்து வந்தது? மிராசுதார் வீட்டுத் தூணைத் தடவிப் பார்க்கிறவருக்கு, அந்தத் தூணுக்கு நேர்ப் பின்னால், கொல்லைப்புற வழியாகப் பண்ணையாள் வந்து கூலி நெல் வாங்கிப்போன வாசலும் உண்டு என்று யார் சொல்வார்கள்? பண்ணையாட்களைக் காக்க 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே ஒரு அவசரச் சட்டம் தேவைப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல் உயர்வுக்கான போராட்டம் அதன் பின்னணி. அந்த வயல்கள்தான் இன்று ‘பச்சைப் பட்டு விரித்தது போல’ விளம்பரப் படங்களில் வருகின்றன. விருந்தினருக்குச் சரித்திர வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை. ஊரின் உழைப்பை அழித்துவிட்டு ஊரின் அழகை மட்டும் எடுத்து வைக்கும் வடிவமைப்பைப் பொறுப்புள்ளது என்று அழைக்காதீர்கள் என்கிறேன்.

அமைதி விற்கிற இடத்துக்கு உழைப்பு இடைஞ்சல். அறுவடை இயந்திரம் இரவிலும் ஓடும்; மழை வருகிறது என்றால் ஓடித்தான் ஆக வேண்டும். மருந்து அடிப்பார்கள், நாற்றம் வரும். கொள்முதல் நிலைய வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி உறுமும். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி ஓயாது. ஓர் இரவுக்குப் பத்தாயிரம் கொடுத்தவர் வரவேற்பறைக்கு போன் செய்வார். முதலில் வேண்டுகோள், அடுத்து ஊராட்சித் தலைவரிடம் பேச்சு, அதன் பிறகு புகார். பாலித் தீவில் நெல்லுக்கான பாசன ஒழுங்காகிய சுபாக் 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதைப் பார்க்க வருகிறவர்களுக்கான வில்லாக்கள் அந்த வயல்களிலேயே எழுந்தன. எதைப் பார்க்க வந்தார்களோ அதன் மேலேயே படுத்து உறங்குகிறார்கள்.

வேலைவாய்ப்பு வாதத்தை நான் மறுக்கப் போவதில்லை. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு ஓர் ஏக்கர் நெல் தரும் கூலி நாட்கள் மிகவும் குறைந்துவிட்டன. ஏக்கர் கணக்கில் பார்த்தால் ரிசார்ட் அதிகம் பேருக்குச் சம்பளம் தரும், அதுவும் மாதா மாதம். நாற்று நட்ட பெண்களின் மகள்கள் குளிர்சாதன அறையில் வேலை பார்ப்பதை இழிவாகப் பேச எனக்கு உரிமை இல்லை. கேள்வி நிலத்தின் விலையில் இருக்கிறது. ஓர் ஊரில் ஐந்து ஏக்கர் நஞ்சை ரிசார்ட் விலைக்குப் போனால் அன்றிலிருந்து சுற்றுவட்டாரம் முழுக்க அதுதான் விலை. விற்பவர் சந்தோஷப்படுவார், அவரில் பலர் ஊரில் இல்லாதவர். குத்தகைக்குப் பயிர் செய்பவர் தன் சேமிப்பில் ஒரு மா நிலம்கூட இனி வாங்க முடியாது. டெல்டாவில் உண்மையாகப் பயிர் வைக்கிறவர்களில் பெரும் பகுதி இன்று குத்தகைக்காரர்கள். பத்து இளைஞருக்கு வேலை கொடுத்து, நூறு பேர் விவசாயியாகும் வாய்ப்பை மூடுவது இலாபமா என்று கணக்குப் போட்ட அறிக்கை எதையும் எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் நிதானமாக வருகிற பயணி எங்கே தங்குவது? டெல்டாவில் இடத்துக்கா பஞ்சம்! தஞ்சாவூர் நகருக்குள் பழைய மாளிகை ஒன்றைப் புதுப்பித்து ஸ்வத்மா என்ற விடுதி நடக்கிறது. தரங்கம்பாடியில் நீம்ரானா குழுமம் பழைய கலெக்டர் பங்களாவை எடுத்து நடத்துகிறது. அதே ஊரில் சுனாமிக்குப் பின் இன்டாக் அமைப்பு தெரு வீடுகளைச் சீர்செய்து கொடுத்தது. இவற்றின் அறை வாடகை பற்றி எனக்கு முணுமுணுப்பு உண்டு, ஆனால் இவற்றில் ஒரு குழி நஞ்சைகூட மேடாகவில்லை. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் திருவையாற்றிலும் பூட்டிய வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. கூடத்தில் விட்டம் இறங்குகிறது, முற்றத்தில் ஆலங்கன்று முளைக்கிறது. வாரிசுகள் நாலு நாட்டில். அந்த வீடுகளை எடுத்து நடத்துங்கள். அவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பும் நகராட்சித் தண்ணீரும் இருக்கின்றன, அல்லது வரும். வடிவமைப்பாளரின் திறமைக்கு அங்கே வேலை நிறைய. பொதுச்சுவர் உள்ள, பக்கத்து வீட்டில் ஆள் குடியிருக்கிற, நூறடி நீள வீட்டை விடுதியாக்கிக் காட்டுவது காலி வயலில் குடில் போடுவதைவிடக் கடினமான வேலை. பயணிக்கு அமைதி கொஞ்சம் குறையும். எதிர்வீட்டு வாசலில் விடியற்காலை சாணி தெளிக்கும் சத்தம் கேட்கும், கோயில் நாகஸ்வரம் கேட்கும், முனிசிபாலிட்டிக் குப்பை வண்டியின் பாட்டும் கேட்கும்.

வயலைப் பார்க்க வேண்டும் என்றால் பஸ் இருக்கிறது.

அதையும் மீறி வயலில்தான் கட்டுவேன் என்பவரிடம் சான்றிதழையும் கட்டட மாதிரியையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒப்புதல் தரும் வழக்கம் போக வேண்டும். கேட்க வேண்டியவை வேறு. எந்த வாய்க்காலின் எத்தனையாவது மடை இது? இதன் வடிகால் யார் வயல் வழியாகப் போகிறது? அந்த ஆள் கையெழுத்துப் போட்டாரா, அவர் குத்தகைக்காரரா பட்டாதாரரா? எவ்வளவு உயரத்துக்கு மண் அடிப்பீர்கள்? தூர்வாரும் செலவில் உங்கள் பங்கு என்ன? இவற்றுக்குப் பதில் கிராம சபையில் சொல்ல வேண்டும், கட்டடக் கலைஞரும் கூட வந்து உட்கார வேண்டும். இடம் பார்க்க எல்லோரும் தை, மாசியில் வருகிறார்கள். தாள் காய்ந்து, வரப்பில் நடக்கச் சுகமாக, வானம் துடைத்த மாதிரி இருக்கும் காலம் அது; எந்த வயலும் அப்போது மேடாகத்தான் தெரியும். ஒப்புதலுக்கான நேர் ஆய்வை ஐப்பசி, கார்த்திகையில், மழை விட்ட மறுநாள், நீர்வளத் துறை ஆளோடும் பக்கத்து வயல்காரரோடும் நடத்த வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.